கடைசி டிராயரும் பரணும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வீட்டுக்குள் முழங்கால் வரை ஏறியது. நானும் அம்மாவும் தம்பியும் அரிசி மூட்டை, சிலிண்டர், டி.வி., நான் திருத்த வைத்திருந்த விடைத்தாள் கட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கட்டில்மேல் ஏற்றினோம். பீரோவின் கடைசி டிராயரில் ஆல்பங்கள் இருப்பது மூன்று பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வடிந்து, சேற்றை வாரிக் கொட்டிய பிறகு டிராயரை இழுத்தால் வரவில்லை. ஆல்பங்கள் ஊறி உப்பி உள்ளேயே இறுகியிருந்தன. அப்பா 2009-ல் இறந்தார். அவர் இருக்கிற படங்கள் எல்லாமே அந்த மூன்று ஆல்பங்களில்தான் இருந்தன. அதற்கப்புறம் ஒன்றரை வருடம், நனைந்த படத்தைக் காப்பாற்றுவதிலிருந்து ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுவது வரை, கேட்க ஆள் தெரியாமல் ஒவ்வொன்றாகத் தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன். முன்னாலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு அந்த வாரமே நடந்தது. ஆல்பங்களைப் பிரித்தபடியே மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். துணி காய வைக்கிற மாதிரி, காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் படங்கள் பக்கத்தோடு பக்கமாக, மேலே மூடியிருந்த பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பலகை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி மெதுவாக இழுத்தேன். அப்பா அம்மா கல்யாணப் படத்தில் இரண்டு பேருடைய முகமும் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. தாளில் வெள்ளைதான் மிச்சம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் எழுபதுக்கு மேல் படங்களை என் கையாலேயே கெடுத்தேன். அந்த நாளை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

பிறகுதான் புரிந்தது. போட்டோ தாளில் படம் நிற்பது ஜெலட்டின் என்ற மெல்லிய படலத்தில். தண்ணீர் பட்டால் அது ஊறிக் கொழகொழவென்று ஆகும். காயும்போது பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நனைந்த ஆல்பத்தைக் காயவே விடக்கூடாது. ஈரமாக இருக்கும்போதே, அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் மிதக்க விட்டு, தானாகப் பிரிந்து வரும்வரை காத்திருந்து எடுக்க வேண்டும். படப் பக்கத்தில் விரல் படக்கூடாது. எடுத்ததை நிழலில், சுத்தமான வெள்ளைத் துணியில், படம் மேலே பார்க்கும்படி வைத்தால் போதும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். படங்கள் நிறைய, வேலை செய்ய ஆள் இல்லை என்றால் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். அழுகாது, ஒட்டாது, ஒரு மாதம் கழித்து நிதானமாக எடுத்துப் பிரிக்கலாம். இது பழைய லேப் பிரிண்டுகளுக்குத்தான். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தைத் தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிடும்.

பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. தண்ணீர் எட்டாத உயரம். உள்ளே பட்டர் பேப்பர் உறைகளில் ஆறாறு படமாக வெட்டிய நெகட்டிவ் துண்டுகள். அடியில், அம்மாவின் பழைய புடவைத் துண்டில் சுற்றி, அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கேமரா. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1988-ல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. கூடவே காலியான 'இந்து' ஃபிலிம் டப்பா ஒன்று. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்த பிளாக் அண்ட் ஒயிட் ஃபிலிம் அது. கலர் ரோல் விலை கட்டுப்படியாகாத மாதங்களில் அப்பா அதைப் போட்டு எடுப்பார் என்று அம்மா சொன்னார். ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு வெள்ளை தலைகீழாக, நகத்தளவில், ஆயா, என் பாட்டி, நின்றுகொண்டிருந்தார். கெட்டுப்போனது தாள்தான், படம் இன்னும் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நிம்மதியில் அவசரம் வந்துவிட்டது. எல்லாத் துண்டுகளையும் அப்படியே ஒரு கலர் லேபில் ஸ்கேன் செய்யக் கொடுத்தேன். எண்ணிக் கொடுக்கவில்லை. என்ன அளவில் ஸ்கேன் செய்வார்கள் என்று கேட்கவில்லை. 4,200 ரூபாய். மூன்று வாரம் கழித்து ஒரு பென் டிரைவும் ரப்பர் பேண்ட் போட்ட நெகட்டிவ் கட்டும் வந்தன. படங்கள் செல்போனில் நன்றாகத் தெரிந்தன, பிரிண்ட் போட்டால் மங்கல். நீளவாக்கில் வெறும் ஆயிரம் புள்ளிகள். நாம் மேக்ஸி என்று சொல்லும் 4-க்கு 6 பிரிண்ட் தெளிவாக வரவே 1,800-க்கு 1,200 புள்ளிகள் வேண்டும். 8-க்கு 12 போட நினைத்தால் 3,600-க்கு 2,400. அதைவிடக் கொடுமை, தம்பியின் முதல் பிறந்தநாள் துண்டுகள் மூன்று திரும்பி வரவில்லை. கேட்டால் "நீங்க குடுத்ததே இவ்வளவுதான் மேடம்" என்றார்கள். என்னிடம் கணக்கு இல்லை. கணக்கு டீச்சர் நான், எண்ணாமல் கொடுத்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

நெகட்டிவ் கொடுக்கும் யாரும் கவுன்டரிலேயே துண்டு துண்டாக எண்ணி, பில்லில் எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் என்ன போனது என்றாவது தெரியும். முதலில் ஒரே ஒரு துண்டைக் கொடுத்து, வந்த ஃபைலைத் திறந்து அளவைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம். புதிதாக ரோல் கழுவ, அதாவது டெவலப் செய்ய, கொடுப்பவர்கள், 'நெகட்டிவ் திரும்ப வேண்டும்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ஸ்கேன் அனுப்பியாகிவிட்டது, யாரும் கேட்பதில்லை என்று தூக்கிப் போட்டுவிடுகிற இடங்கள் இருக்கின்றன.

அந்தக் கேமராவை அப்புறம் கீழே வைக்க மனசு வரவில்லை. அப்பா கை பட்டுப்பட்டு, ஃபிலிமை நகர்த்தும் லீவர் ஓரத்தில் பூச்சு போய்ப் பித்தளை தெரிந்தது. அதைக் கட்டை விரலால் தள்ளும்போது வரும் 'கர்ர்' சத்தம் எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரிந்த சத்தம். லென்ஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்திவலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை. கடற்காற்றும் புழுக்கமும் உள்ள நம் பக்கத்தில் துணியில் சுற்றி இருட்டில் வைத்தால் எந்த லென்ஸுக்கும் வரும். முதலில் கொடுத்த கடையில் 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு வெளிக் கண்ணாடியை மட்டும் துடைத்துக் கொடுத்தார்கள். இழை அப்படியே இருந்தது. இரண்டாவது ஆள், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், என் கண்ணெதிரே லென்ஸைக் கழற்றி 3,500 ரூபாயில் முடித்தார். பின் கதவின் ஓரத்தில் இருந்த ஸ்பாஞ்ச் தார் மாதிரி உருகி ஒட்டியதையும் அவர்தான் காட்டினார். வெளிச்சம் உள்ளே போகாமல் தடுப்பது அந்த ஸ்பாஞ்ச். முப்பது வருடம் தாண்டிய கேமரா எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதை மாற்றாமல் ரோல் போட வேண்டாம், படத்தில் ஆரஞ்சுக் கீற்று விழலாம். இந்தக் கேமராவில் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான், எல்.ஆர்.44 போதும். மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி தங்கும். இப்போது அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுகிறேன்.

2024 மார்ச்சில் தம்பி மனைவிக்கு வளைகாப்பு. அப்பாவின் கேமராவில் எடுத்தால் அப்பாவும் கூட இருந்த மாதிரி இருக்கும் என்று எனக்கு ஆசை. 1,050 ரூபாய்க்கு கோடாக் கலர் ரோல் ஒன்று வாங்கிப் போட்டேன். சந்தனம் பூசுவது, கண்ணாடி வளையல் அடுக்குவது, ஏழு வகைச் சாதம், அம்மா மருமகள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழிப்பது என்று எல்லாவற்றையும் எடுத்தேன். வேறு யாரையும் செல்போனில்கூட அதிகம் எடுக்க விடவில்லை, 'நான் எடுக்கிறேன், நீங்க உட்காருங்க' என்று சொல்லிவிட்டேன். எண் 36-க்கு வந்தது. 37, 38, 39. இன்னும் ஓடுகிறதே, கூடுதலாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். லேபில் கழுவிக் கொடுத்த ஃபிலிமை விரித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறும் ஆரஞ்சு. ஒரு படமும் இல்லை. ரோல் ஓடவே இல்லை. முனை உள்ளே இருந்த சுருளில் மாட்டாமல் நழுவி, நான் எடுத்த அத்தனை படமும் மூடிய கதவைப் பார்த்து எடுத்த மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சொல்ல இரண்டு நாள் ஆனது. தம்பி மனைவி "பரவால்ல அண்ணி" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இது நடக்காமல் இருக்க ஒரு நிமிடம் போதும். ரோலைப் போட்டு, முனையைச் சுருளின் பிளவில் செருகி, கதவைத் திறந்தே வைத்து ஒருமுறை லீவரைத் தள்ளுங்கள். ஃபிலிமின் இரண்டு ஓரத்துத் துளைகளும் பல்சக்கரத்தின் பல்லில் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவை மூடியபின் இடது பக்கம் இருக்கும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறி திசையில் மெதுவாகத் திருப்பித் தொய்வை எடுங்கள், இறுகும்போது நிறுத்திவிடுங்கள். இனி ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை. 36 ரோலில் எண் 38, 39-ஐத் தாண்டினாலும் அப்போதே சந்தேகப்படுங்கள். இன்னொன்று, வெறுமையாக வந்த ஃபிலிமைக் கையில் வைத்துக்கொண்டு லேபோடு சண்டைக்குப் போகும் முன் ஓரத்தைப் பாருங்கள். கம்பெனிப் பெயரும் எண்களும் ஓரத்தில் தெளிவாக இருந்தால் கழுவியதில் தப்பில்லை, கேமராவில்தான் கோளாறு. அந்த எழுத்தும் இல்லை என்றால் கழுவியதில்தான் பிரச்சினை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கேமராவில் முதல் ரோலை விசேஷத்துக்குப் போடவே போடாதீர்கள். தெருவை எடுங்கள், கோலத்தை எடுங்கள், மாடியில் காயும் வடகத்தை எடுங்கள். அந்த ரோல் சரியாக வந்த பிறகு கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் எடுத்துப் போகலாம்.

ஏப்ரல் முழுக்கக் கேமராவைத் தொடவில்லை. மே மாதம் பள்ளி விடுமுறை. வட சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, ஃபைபர் படகுகள் மட்டும் போய் வரும். அந்த நேரத்தில் துறைமுகம் வேறு மாதிரி இருக்கும். கரையில் ஏற்றிய படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், நிழலில் கால் நீட்டி வலை பின்னுவார்கள், பேசவும் ஆட்களுக்கு நேரம் இருக்கும். இந்த முறை இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளாக் அண்ட் ஒயிட் ரோல், வெளிச்சத்துக்கான வேகத்தைச் சொல்லும் எண் ஐ.எஸ்.ஓ. 400. ஒவ்வொரு படத்துக்கும் குமிழ் சுழல்வதைப் பார்த்துத்தான் அடுத்ததுக்குப் போனேன். மீட்டரை நம்பப் பயமாக இருந்ததால் பழைய வெயில் கணக்கைப் பிடித்துக்கொண்டேன். நல்ல வெயிலில் அபெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரத்தின் எண், 16 (எண் குறைந்தால் துவாரம் பெரிது), ஷட்டர் வேகம் ஃபிலிமின் எண்ணுக்குப் பக்கத்தில், அதாவது 400 ஃபிலிமுக்கு 1/500 வினாடி. படகின் நிழலில் உட்கார்ந்திருப்பவர் முகம் வேண்டுமென்றால் அபெர்ச்சரை 5.6-க்கு, சில இடத்தில் 4-க்குத் திறக்க வேண்டும். நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. சந்தேகம் வந்தால் ஒரு படி (ஒரு ஸ்டாப்) வெளிச்சம் கூடுதலாகவே கொடுங்கள்.

அங்கே சங்கராவும் கவளையும் கூறு கட்டி விற்கும் ஓர் அக்கா இருந்தார். படம் எடுக்கலாமா என்று கேட்டதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தார். எடுத்து முடித்தபின், "வந்து எடுத்துக்கினு போறவங்க நெறைய பேரும்மா. கொண்டாந்து குடுத்தவங்க ஒருத்தருமில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலை சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்த ரோலில் 34 படம் விழுந்திருந்தது. லேபில் கழுவி ஸ்கேன் செய்து, அளவைக் கேட்டு வாங்கி, 11 பேருக்கு மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டேன். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்' என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் மெஷின் கறுத்த முகத்தை வெளுப்பாக்கி அனுப்பும். முதல் செட்டில் அப்படித்தான் ஆனது, திரும்பப் போட்டேன். 35 எம்.எம். ஃபிலிமின் சட்டம் 3-க்கு 2. 4-க்கு 6-லும் 8-க்கு 12-லும் முழுதாக உட்காரும். 5-க்கு 7 அல்லது 8-க்கு 10 கேட்டால் ஓரம் வெட்டுப்படும், ஓரத்தில் நிற்பவரின் கை போய்விடும். அக்கா தன் படத்தைத் தராசுத் தட்டுக்குப் பின்னால், மஞ்சள் பையில், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது அவர் மகளையும் கூட்டி வந்திருந்தார்.

மாதம் இரண்டு ரோல் என்று ஆனதும் லேப் செலவு கட்டவில்லை. பிளாக் அண்ட் ஒயிட்டை வீட்டிலேயே கழுவலாம் என்று இறங்கினேன். ஃபிலிமை வைத்துக் கழுவும் வெளிச்சம் புகாத பேட்டர்சன் டேங்க், கையை மட்டும் உள்ளே விடும் கறுப்புப் பை, படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பரான டி-76 பவுடர், படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, தெர்மாமீட்டர். புத்தகக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு. எச்.பி.5-ஐ டி-76 ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்ததில் 20 டிகிரியில் 11 நிமிடம். மே மாதம் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஊற்றினால் நிமிடக் கணக்கு மிகவும் சுருங்கிவிடும், படம் திட்டுத் திட்டாக வரும். ஐஸ் கட்டியை நேரே மருந்தில் போடாதீர்கள், அளவு மாறும். ஜிப் கவரில் ஐஸைப் போட்டுப் பக்கெட்டில் மிதக்க விட்டு, அந்தப் பக்கெட்டில் மருந்துப் பாட்டில்களை அரை மணி நேரம் நிறுத்துகிறேன். 20-க்குப் போராடுவதில்லை, 24-ல் நிறுத்திக்கொண்டு 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கழுவுகிறேன். டெவலப்பர், ஹைப்போ, கடைசித் தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில் இருப்பதுதான் முக்கியம். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் ஃபிலிமில் வெள்ளைப் புள்ளி நிற்கும். மருந்து கலக்கக் கேன் தண்ணீர், கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் என்று வைத்த பிறகு புள்ளி வருவது நின்றது. ஹைப்போ போதவில்லை என்றால் ஃபிலிம் பால் மாதிரி மங்கலாக இருக்கும். பதறி எறிய வேண்டாம், புது ஹைப்போவில் இன்னும் சில நிமிடம் போட்டால் தெளிந்துவிடும்.

மருந்தைவிட என்னைப் படுத்தியது, டேங்குக்குள் வைக்க ஃபிலிமைச் சுற்றும் ரீல். கறுப்புப் பைக்குள் கையை விட்ட இரண்டாவது நிமிடம் வியர்வை. உள்ளே ஆவி கட்டி, பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது. வெளியே எடுக்கவும் முடியாது, வெளிச்சம் பட்டால் போச்சு. பைக்குள் கையை வைத்துக்கொண்டு அப்படியே அழுதிருக்கிறேன். பலவந்தமாகத் தள்ளியதில் ஃபிலிம் மடங்கி, சுருள் ஒன்றோடொன்று ஒட்டி, எட்டுப் படம் மருந்தே படாமல் போனது. இப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல், ஃபேன் காற்றில் கையை நன்றாக உலர்த்திக்கொண்டு, ரீலை முந்தைய நாளே காய வைத்துவிட்டுச் செய்கிறேன். பைக்குப் பதில் இருட்டான அறை நல்லது, கை மூச்சு விடும். பழகுவதற்கு ஒரு வீணான ரோல் கட்டாயம் வேண்டும். முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, இருபது முறையாவது ஏற்றி இறக்க வேண்டும். நான் பழகியது அந்த வளைகாப்பு ரோலில்தான்.

பிரிண்டும் கையால் போட வேண்டும் என்ற ஆசை அந்த மீன் அக்காவிடமிருந்து வந்தது என்றே சொல்வேன். பழைய வண்ணாரப்பேட்டையில் மூடப்போகிற ஸ்டூடியோ ஒன்றில் பரணில் கிடந்த என்லார்ஜரை (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி), லென்ஸ், மூன்று டிரே, டைமரோடு 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு முன்பே, தெரியாமல், வேறு ஓர் ஆளிடம் காலாவதியான போட்டோ பேப்பர் நூறு ஷீட்டை 2,800 ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். எப்படிப் போட்டாலும் படம் சாம்பல் பூத்து வந்தது. நேரத்தை மாற்றினேன், மருந்தை மாற்றினேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. என்லார்ஜர் கொடுத்த ஸ்டூடியோ ஐயாவிடம் போய்ச் சொன்னேன். "வெளிச்சமே காட்டாம ஒரு துண்டைக் கழுவிப் பாத்தியாம்மா?" என்றார். பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் சாம்பல். பேப்பர் உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போனது. பழைய பேப்பர் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டை முழு இருட்டில் டெவலப்பரிலும் ஹைப்போவிலும் போட்டுப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வாங்கலாம். பிரிண்ட் போடும்போது எரியவிடும் சிவப்பு விளக்குக்கும் அவரே ஒரு வழி சொன்னார். இருட்டில் பேப்பர்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். காசு இருந்த வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது. கடையில் வாங்கிய என் சிவப்பு ஜீரோ வாட் பல்பில் வட்டம் அச்சாகத் தெரிந்தது.

இருட்டறை ஆக்கியது எங்கள் பாத்ரூமை, ஆறுக்கு நாலு அடி. வென்டிலேட்டரைக் கறுப்புச் சார்ட்டும் பழைய கம்பளியும் வைத்து அடைத்தேன். உள்ளே விளக்கில்லாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். அதற்கப்புறமும் கை தெரிந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கதவடியில் புடவையைச் சுருட்டி வைத்த பிறகுதான் முழு இருட்டு வந்தது. இதுவரை எல்லாம் சேர்த்து 28 ஆயிரம் ரூபாய் போயிருக்கிறது. அதில் 10 ஆயிரத்துக்கு மேல், மேலே சொன்னவற்றில் ஒன்றைத் தெரியாததால் போனது.

2025 ஜூனில் ஒரு ராத்திரி, புதுப் பேப்பர் வைத்து, பரண் டின்னில் இருந்த ஆயா நெகட்டிவை என்லார்ஜரில் மாட்டினேன். தெருக் கைப்பம்புக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்க, ஆயா இடுப்பில் கை வைத்து நிற்கிற படம். இதன் பிரிண்ட் ஆல்பத்தில் இருந்தது, மாடியில் நான் உரித்துக் கெடுத்ததில் இதுவும் ஒன்று. சின்னத் துண்டில் ஐந்தைந்து வினாடியாக வெளிச்சம் காட்டிச் சோதித்ததில் 15 வினாடி சரியாக வந்தது. முழு ஷீட்டை டெவலப்பரில் நழுவ விட்டு டிரேயின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி ஆட்டினேன். பத்துப் பதினைந்து வினாடி வெறும் வெள்ளை. அப்புறம் பம்பின் கைப்பிடி வந்தது, குடங்களின் வாய் வந்தது, ஆயா முடியும் கண்ணும் வந்தன. கடைசியாகக் கீழே, தரையில், ஆல்பத்துப் படத்தில் நான் பார்த்தே இராத ஒரு நிழல் வந்தது. இரண்டு முழங்கையும் விரிந்து, முகத்துக்கு நேரே கேமரா. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போடும்போது கீழ்ப் பக்கத்தை வெட்டியிருக்கிறார். முழு நெகட்டிவில் அப்பா இருந்தார்.

ஹைப்போ முடிந்து, பக்கெட்டில் அலசி, விளக்கைப் போட்டுவிட்டு அம்மாவை எழுப்பினேன். மணி பன்னிரண்டரை இருக்கும். அம்மா பாத்ரூம் வாசலில் நின்று, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட நான் பிடித்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.  வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. நிழலைக் காட்ட நான் விரலை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஈரம் காயட்டும் கண்ணு, கை வெக்காத" என்றார்.